டைகர் ஸ்டேடியத்தின் தூண்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய விளையாட்டரங்குகள் பற்றிய உங்கள் கட்டுரையில், டெட்ராய்ட் டைகர் ஸ்டேடியம் இடிக்கப்பட்டதை ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஊரில் வேலை பார்க்கும் என் தம்பியிடம் கேட்டேன். அவனோடு வேலை செய்யும் பெரியவர் ஒருவர், "பாதி இருக்கைகளில் தூண்தான் தெரியும், ஆட்டம் தெரியாது" என்றாராம். புதிய மைதானத்தில் தூணே இல்லை, எல்லா வசதியும் இருக்கிறது. பேஸ்பால் எனக்கு அதிகம் தெரியாது. ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது: ஆட்டம்தானே முக்கியம்? கட்டடத்துக்காக இவ்வளவு துக்கம் ஏன்?

கே.,
மதுரை

அன்புள்ள கே.,

தூண் மறைக்கும் என்று அந்தப் பெரியவர் சொன்னது உண்மை. பாதி இருக்கைகள் என்பதுதான் மிகை. நானும் அப்படியொரு இருக்கையில் உட்கார்ந்து, பந்து வீசுபவரைப் பார்க்க ஒரு பக்கம், அடிப்பவரைப் பார்க்க மறுபக்கம் என்று சாய்ந்து சாய்ந்து ஆட்டம் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தத் தூண் அங்கே எதற்காக நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

தூண்கள் இருந்ததால்தான் மேல்தளத்தைக் கீழ்த்தளத்துக்கு நேர் மேலே, களத்தின் ஓரம் வரை கொண்டுவர முடிந்தது. தூண் இல்லாமல் கட்டினால் மேல்தளத்தின் எடையைப் பின்னாலிருந்து தாங்கவேண்டும். அதனால் அது பின்னுக்கும் தள்ளிப் போகும், உயரத்துக்கும் போய்விடும். அதற்கான விலையைக் கொடுப்பவர் மேல்தளத்தில் மலிவுச் சீட்டு வாங்கும் ஆள். டைகர் ஸ்டேடியத்தில் சிலருக்குத் தூண் மறைத்தது. மற்றவர்களுக்கோ, குறைந்த காசு கொடுத்து மேலே போய் உட்கார்ந்தவருக்கும்கூட, ஆட்டக்காரரின் முகம் தெரிந்தது. நான் அதை இழப்பு என்று எழுதியது இந்த நெருக்கத்தை நினைத்துத்தான்.

வலப்பக்க எல்லையில் மேல்தளம் கீழ்த்தளத்தைவிடப் பத்தடி களத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்துவிடலாம் என்று வேலியில் முதுகு ஒட்ட அண்ணாந்து நிற்கும் ஃபீல்டரின் தலைக்கு மேலேயே பந்து மேல்தளத்தில் விழுந்து ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) ஆகிவிடும். நடு எல்லை 440 அடி தூரம். அங்கே 125 அடி உயரக் கொடிக்கம்பம் வேலிக்கு உள்ளே, ஆடுகளத்திலேயே நின்றது. பந்து அதில் மோதினாலும் ஆட்டம் நிற்காது.

மிஷிகன் அவென்யூவும் ட்ரம்புல் அவென்யூவும் சந்திக்கும் அந்த இடத்தை ஊர்க்காரர்கள் இன்றும் 'தி கார்னர்' என்கிறார்கள். 1896இல் அங்கே மரத்தாலான பென்னட் பார்க் வந்தது. சார்லி பென்னட் டெட்ராய்ட் மக்கள் கொண்டாடிய கேட்சர், அதாவது அடிப்பவருக்குப் பின்னால் பந்து பிடிப்பவர். 1894இல் ரயில் விபத்தில் கால்களை இழந்தவர். அவர் பெயரைத்தான் மைதானத்துக்கு வைத்தார்கள். மரக்கட்டடத்தை எடுத்துவிட்டு, கான்கிரீட்டும் எஃகுமாக இந்த அரங்கு நேவின் ஃபீல்ட் என்ற பெயரில் 1912 ஏப்ரல் 20 அன்று திறக்கப்பட்டது. பாஸ்டனின் ஃபென்வே பார்க் திறந்ததும் அதே நாள்தான். ஃபென்வே இன்றும் நிற்கிறது என்பதை மறக்காதீர்கள். அங்கும் தூண்கள் உண்டு.

இந்த மைதானத்தின் சொந்த அணியான டைகர்ஸுக்கு டை காப் ஆடிய காலத்தில், அடிப்பவர் நிற்கும் ஹோம் ப்ளேட்டுக்கு முன்னால் மண்ணை வேண்டுமென்றே தண்ணீர் விட்டு நனைத்து வைப்பார்களாம். மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தொட்டுக் காலடியில் விழவைத்துவிட்டு ஓடுவதில் அவர் மன்னர். ஈர மண்ணில் பந்து உருளாது, எடுக்க ஓடிவருபவனுக்குக் கால் வழுக்கும். 'காப் ஏரி' என்றே அந்த இடத்துக்குப் பெயர். 1939 மே 2 அன்று, தொடர்ந்து 2,130 ஆட்டங்கள் ஆடியிருந்த நியூயார்க் யாங்கீஸ் அணி வீரர் லூ கேரிக், இன்று என்னை ஆட்டத்தில் சேர்க்கவேண்டாம் என்று தானே சொல்லி ஒதுங்கியதும் இங்கேதான். பின்னாளில் அவர் பெயராலேயே அறியப்பட்ட நோய் அதற்குள் அவர் உடலைத் தின்னத் தொடங்கியிருந்தது.

இந்த மைதானத்தை நேசிப்பவர்கள் தயங்கிச் சொல்லும் பகுதியும் இருக்கிறது. காரின் உடற்பாகங்கள் செய்யும் தொழிற்சாலைகளின் அதிபரும் அணியின் உரிமையாளருமான வால்டர் பிரிக்ஸ்தான் அரங்கை முழுக்க இரண்டடுக்காக்கினார். 1938இல் அது பிரிக்ஸ் ஸ்டேடியம் ஆனது. அவர் இருந்தவரை டைகர்ஸ் அணியில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட ஆடவில்லை. கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் 1947இல் ப்ரூக்ளின் அணிக்காகக் களமிறங்கிவிட்டார். டெட்ராய்ட்டில் முதல் கறுப்பின வீரராக ஓஸி விர்ஜில் ஆட 1958 ஆகவேண்டியிருந்தது. நான் புகழ்கிற அந்த நெருக்கம் நகரத்தின் கறுப்பின மக்களுக்குப் பல்லாண்டுகள் மறுக்கப்பட்ட ஒன்று. இதைச் சொல்லாமல் அந்த அரங்கைப் பாராட்ட எனக்கு மனம் வராது.

டைகர் ஸ்டேடியம் என்ற பெயர் 1961இல் வந்தது. 1967 ஜூலை 23, ஞாயிற்றுக்கிழமை. யாங்கீஸுடன் இரண்டு ஆட்டங்கள். நகரத்தில் கலவரம் வெடித்து, எழும் புகை அரங்கிலிருந்தே தெரிந்தது. டெட்ராய்ட்டிலேயே வளர்ந்த கறுப்பின வீரர் வில்லி ஹார்ட்டன் ஆட்டம் முடிந்ததும் உடைகூட மாற்றாமல் கலவரத் தெருவுக்குப் போய், காரின் மேல் ஏறி நின்று, வீட்டுக்குப் போங்கள் என்று மன்றாடினார். கலவரம் அடங்குவதற்குள் 43 பேர் செத்துப்போனார்கள். அடுத்த ஆண்டு உலகத் தொடரின், அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரின், ஐந்தாவது ஆட்டத்தில், இதே களத்தில், ஹார்ட்டன் இடப்பக்கத்திலிருந்து எறிந்த பந்துதான் எதிரணியின் லூ ப்ராக்கை ஹோம் ப்ளேட்டில் அவுட் ஆக்கியது. தொடரின் போக்கே அங்கே மாறியது. ஏழாவது ஆட்டம் வரை போன அந்தத் தொடரை டைகர்ஸ் வென்றது.

ரசிகர்கள் சும்மா இருந்துவிடவில்லை, கே. 1988 ஏப்ரல் 20 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைகோத்து அரங்கைச் சுற்றி நின்று அதைக் கட்டியணைத்தார்கள். ரசிகர்களான கட்டடக்கலைத் தம்பதியர், தூண்களையும் நெருக்கத்தையும் காப்பாற்றி, மற்ற வசதிகளைக் கூட்டும் திட்டம் ஒன்றை வரைந்து கொடுத்தார்கள். சுமார் 2.6 கோடி டாலர் ஆகும் என்றார்கள். புதிய மைதானத்துக்குப் பிறகு ஆன செலவு சுமார் 30 கோடி டாலர். தனி அறைகளில் அமர்ந்து பார்க்கும் பணக்காரப் பார்வையாளர்கள்தான் அணிகளின் குறியாக இருந்த காலம் அது. தூண் என்பது சொல்ல வசதியான காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

கடைசி ஆட்டம் 1999 செப்டம்பர் 27. டைகர்ஸ் வீரர்கள் பழைய நாயகர்களின் எண்களை அணிந்து ஆடினார்கள். டை காப் காலத்தில் சட்டையில் எண் கிடையாது என்பதால், காப் நின்ற நடுக்களத்தில் ஆடிய கேப்ளர் எண்ணில்லாமலே ஆடினார். ராபர்ட் ஃபிக் அடித்த கிராண்ட் ஸ்லாம் (ஒரே அடியில் நான்கு ரன் தரும் ஹோம் ரன்) வலப்பக்கக் கூரையில் போய் மோதியது. அரங்கின் கடைசி ஹிட் அது. பிறகு ஹோம் ப்ளேட்டைத் தோண்டி எடுத்துப் புதிய மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அரங்கு பூட்டியே கிடந்து, 2008இல் இடிக்கத் தொடங்கி, 2009இல் தரைமட்டமானது. ஆடுகளம் புதர் மண்டியது. 2010இல் ஒரு தபால்காரரும் நண்பர்களும் சொந்தச் செலவில் புல்வெட்டும் இயந்திரங்களோடு வந்து களத்தைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார்கள். போலீஸ் விரட்டியது, மறுபடி வந்தார்கள். ஆண்டுக்கணக்கில் களத்தைப் பராமரித்து, யார் வேண்டுமானாலும் வந்து ஆடலாம் என்று விட்டார்கள். காப்பும் ஹார்ட்டனும் நின்ற அதே இடங்களில் குழந்தைகள் பந்து பிடித்தார்கள். ஆட்டம்தானே முக்கியம் என்கிறீர்கள். யாரும் கேட்காமலே அந்த ஆட்டத்துக்கு இடம் காத்துக் கொடுத்தவர்கள் கட்டடத்துக்காகத் துக்கப்பட்ட இதே ஆட்கள்தான்.

2018இல் அங்கே சிறுவர்களுக்கான மைதானம் முறையாகத் திறக்கப்பட்டது. வில்லி ஹார்ட்டன் பெயர் வைத்திருக்கிறார்கள். ஹோம் ப்ளேட் பழைய இடத்தில்தான், கொடிக்கம்பமும் அதே கம்பம்தான். ஆனால் தரையில் போட்டது செயற்கைப் புல். காலை முதல் இரவு வரை ஆட்டங்கள் நடத்த அதுதான் தாங்கும் என்பது நடத்துபவர்கள் தரப்பு. புல்லை வளர்த்தவர்கள் எதிர்த்தார்கள், கேட்பாரில்லை. சிறுவர்கள் ஆடுவதில் எனக்கு முழுச் சந்தோஷம். ஆனால் அந்த இடத்தில் மிச்சமிருந்ததே மண்ணும் புல்லும்தான், அதையாவது விட்டுவைத்திருக்கலாம்.