தேவனுடைய அன்புக்கு நிபந்தனை உண்டா? – பெங்களூரு தமிழர்களின் கேள்விகள்

பெங்களூரின் தமிழ்ச் சபைகளில் பல ஆண்டுகளாக வேதபாட வகுப்பு எடுத்துவரும் மூத்த உறுப்பினர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி (ஒயிட்ஃபீல்டிலிருந்து ஓர் இளைஞர்): ஐயா, தேவனுடைய அன்பு நிபந்தனையற்றது என்று ஒரு போதகர் பிரசங்கிக்கிறார். கற்பனைகளை, அதாவது கட்டளைகளை, கைக்கொண்டால்தான் இயேசுவின் அன்பில் நிலைத்திருப்போம் என்று யோவான் 15:10-ஐக் காட்டி இன்னொருவர் மறுக்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: தம்பி, அன்பு எங்கே தொடங்குகிறது என்பது ஒரு கேள்வி, அந்த அன்புக்குள் மனிதன் எப்படி வாழ வேண்டும் என்பது வேறொரு கேள்வி. தொடக்கத்தைப் பொறுத்தவரை வேதம் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. நீங்கள் பெரிய ஜனம் என்பதற்காகக் கர்த்தர் உங்களைத் தெரிந்துகொள்ளவில்லை, எல்லா ஜனங்களிலும் நீங்கள் கொஞ்சமானவர்கள் என்று உபாகமம் 7ஆம் அதிகாரம் இஸ்ரவேலரிடம் வெளிப்படையாகச் சொல்கிறது. நாம் பாவிகளாயிருக்கும்போதே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று ரோமர் 5:8-இல் பவுல் எழுதுகிறார். யோவான் 15 அப்படி முன்னரே நேசிக்கப்பட்ட சீஷர்களிடம், இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் பேசப்பட்டது. நீங்கள் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை, நான் உங்களைத் தெரிந்துகொண்டேன் என்று அதே அதிகாரத்தின் 16ஆம் வசனத்தில் அவர் சொல்லிவிடுகிறார். ஆகவே கீழ்ப்படிந்து அந்த அன்பைச் சம்பாதிக்க முடியாது. கீழ்ப்படியாமல் அதில் வாழவும் முடியாது. நிபந்தனையற்ற அன்பு என்றால் தேவன் நம்மிடம் எதையுமே கேட்பதில்லை என்று போதிப்பதை நான் ஏற்கவில்லை.

கேள்வி (மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு வைணவ அன்பர்): இறைவனின் அருளைப் பெற மனித முயற்சியும் வேண்டுமா என்பதில் எங்கள் வைணவத்தில் இரு பிரிவுகள் உண்டு. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியை வடகலையார் சொல்வார்கள், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைத் தென்கலையார் சொல்வார்கள். உங்களிடம் இப்படி ஒரு விவாதம் உண்டா?

பதில்: உண்டு, இவ்வளவு பொருத்தமான கேள்வி வந்ததில் மனம் நிறைகிறது. தகுதி பாராமல் தேவன் தரும் தயவைக் கிருபை என்போம். அது இல்லாமல் மனிதனால் நன்மை செய்ய முடியாது என்ற அகஸ்தீனும், தன் முயற்சியாலேயே முடியும் என்ற பெலாகியுவும் 5ஆம் நூற்றாண்டிலேயே மோதினார்கள். பிறகு நெதர்லாந்தில் 1618-19இல் கூடிய சீர்திருத்தச் சபையாரின் மாநாடான டார்ட் சங்கம், ஒருவன் விசுவாசிப்பான் என்பதை முன்னறிந்து தேவன் அவனைத் தெரிந்துகொள்வதில்லை, தமது சுயசித்தத்தின்படியே தெரிந்துகொள்கிறார் என்று தீர்மானித்தது. 18ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இதை வன்மையாக மறுத்து, கிருபை எல்லோருக்கும் இலவசம், ஆனால் மனிதன் அதைத் தள்ளிவிட முடியும் என்றார். கத்தோலிக்கத் திருச்சபையோ, நீதிமானாக்கப்படுமுன் நாம் செய்யும் எதுவும் அந்தக் கிருபைக்கு நம்மைத் தகுதியாக்குவதில்லை என்றும், மனிதன் அதற்கு இசைய வேண்டும் என்றும் 1547இல் திரெந்து சங்கத்தில் அறிவித்தது. டார்ட் சங்கம், வெஸ்லி, கத்தோலிக்கத் திருச்சபை ஆகிய இந்த மூன்று தரப்பும் ஒன்றில் மட்டும் வேறுபடவில்லை: முதல் அடியை எடுத்துவைப்பவர் தேவனே. உங்கள் உவமையில் சொன்னால், பற்றிக்கொள்ளும் குட்டிக்கும் முதலில் ஒரு தாய் வேண்டுமல்லவா?

கேள்வி (அல்சூர் வாசகி): அக்கிரமக்காரரைத் தேவன் வெறுக்கிறார் என்று சங்கீதம் 5:5 சொல்கிறதே? நரகமும் இருக்கிறதே?

பதில்: சகோதரி, இந்த வசனத்தை மழுப்பக் கூடாது. எளியவனை நசுக்குகிறவனைக் கண்டு கோபம் கொள்ளாத தேவன், அந்த எளியவனை நேசிக்கிறார் என்று எப்படி நம்புவது? ஓசியாவின் புத்தகத்தில் இனி அவர்களை நேசியேன் என்று 9:15-இல் சொல்லும் அதே தேவன், இஸ்ரவேலரை எப்பிராயீம் என்று அழைத்து, எப்பிராயீமே, உன்னை எப்படிக் கைவிடுவேன் என்று 11:8-இல் உருகுகிறார். இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். நரகத்தைக் குறித்துச் சபைகள் ஒரே விளக்கம் தருவதில்லை. வலுக்கட்டாயமாகத் திணிக்கப்படாத அன்பை மனிதன் கடைசிவரை மறுக்கவும் கூடும் என்ற விளக்கமே எனக்குச் சரியாகப் படுகிறது.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைச் சபைக்குக் கொடுக்க முடியவில்லை. தேவன் என்மேல் வைத்த அன்பு குறையுமா?

பதில்: குறையாது. அப்படிச் சொல்லி உங்களைப் பயமுறுத்துகிறவர்களுக்குச் செவிகொடுக்க வேண்டாம். லூக்கா 15இல் இயேசு சொன்ன உவமையில், தகப்பனிடம் தன் பங்கை வாங்கித் தூரதேசத்தில் அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய மகன், என்னைக் கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்று சொல்வதற்காக மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வருகிறான். அந்த வார்த்தையை அவன் சொல்லுமுன்பே, உயர்ந்த வஸ்திரத்தையும் மோதிரத்தையும் பாதரட்சைகளையும் கொண்டுவரும்படி தகப்பன் ஊழியக்காரருக்குக் கட்டளையிட்டுவிடுகிறார். காணிக்கை நன்றியோடு, இயன்றபோது, இயன்ற அளவில் கொடுப்பது.

கேள்வி (சிவாஜிநகரிலிருந்து ஒரு தாய்): ஐயா, என் மகன் குடிக்கு அடிமையாகிவிட்டான். பணம் கேட்டால் மறுத்துவிடுகிறேன். நிபந்தனையற்ற அன்பு என்றால் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

பதில்: அம்மா, கொடுக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன லூக்கா 15-இன் உவமையில் இளைய மகன் தூரதேசத்தில் பன்றி மேய்த்துப் பட்டினி கிடந்தபோது, தகப்பனிடமிருந்து அங்கே பணம் போனதாக இயேசு சொல்லவில்லை. ஆனால் அவன் தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டு, ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டார். பணத்தை மறுப்பதும் மகனை மறுப்பதும் ஒன்றல்ல என்பதை அவன் தெளிந்திருக்கும் நேரம் பார்த்து, கோபமில்லாமல் சொல்லுங்கள். வீட்டில் அவனுக்குச் சோறு இருக்கட்டும். நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் போதை மீட்புச் சிகிச்சைக்குத் தனிப் பிரிவு உண்டு. அவன் ஒரு நாள் சரி என்றால், தாமதிக்காமல் கூடவே போய்வாருங்கள்.