நடக்காததை எப்படி ஞாபகம் வைப்பது?

வணக்கம்,

என் பெயரை வெளியிட வேண்டாம். வயது 34. என் அப்பா அடிப்பவர். காரணம் கிடைத்தால் பெல்ட், கிடைக்காவிட்டால் கை. பன்னிரண்டு வயதுவரை இப்படித்தான் போயிற்று. அம்மா ஒருநாளும் தடுத்ததில்லை. வீட்டில் யாரும் யாரோடும் பேசிக்கொள்ளவும் மாட்டோம். படிப்பு சுமார். இப்போது வேலையில் இருக்கிறேன், ஆனால் கூட்டத்தில் ஒருவர் குரலை உயர்த்தினால் அவர் என்ன சொல்கிறார் என்பதே காதில் ஏறுவதில்லை. இரண்டு பக்கம் படித்தால் முதல் பக்கம் மறந்துபோகிறது. சென்ற மாதம் ஒரு காணொளியில், அடிவாங்கி வளர்ந்தவர்களின் மூளை சுருங்கிவிடும் என்று படத்தோடு காட்டினார்கள். இரண்டு நாள் தூக்கம் இல்லை. எனக்கு வந்திருக்க வேண்டிய அறிவைப் பிடுங்கிக்கொண்டார்களா? ஸ்கேன் எடுத்தால் தெரியுமா? இரண்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். போன வாரம் அவளிடம் கத்திவிட்டேன். அதுவும் பயமாக இருக்கிறது.

வ.

அன்புள்ள வ,

ஸ்கேன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இதற்காக எடுக்காதீர்கள். மூளையின் அளவு பற்றிய ஆய்வுகள் சொல்வதெல்லாம் ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் இடையிலான சராசரி வித்தியாசம். ஒரு தனி ஆளின் படத்தைப் பார்த்து ‘இவர் அடிவாங்கி வளர்ந்தவர்’ என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. கூட்டத்தின் சராசரி வேறு, தனி ஆள் வேறு என்பது காணொளிக்காரர்களுக்குத் தேவைப்படுவதில்லை.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். அடியை விவரமாக எழுதிவிட்டு, யாரும் யாரோடும் பேசமாட்டோம் என்பதைப் போகிற போக்கில் சொல்லிச் செல்கிறீர்கள். நீங்கள் கேட்பது அறிவைப் பற்றி என்றால், அந்த வரியைத்தான் நான் முதலில் எடுப்பேன். பெல்ட் விழுந்த நாள் ஞாபகம் இருக்கும். யாரும் கதை சொல்லாத, ஏன் என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லாத நாட்களை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது?

மார்கரெட் ஷெரிடன், கேட்டி மெக்லாஃப்லின் என்ற இரு ஆய்வாளர்கள் 2014-இல் குழந்தைப்பருவத் துன்பத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார்கள். அச்சுறுத்தல் ஒன்று, இல்லாமை, அதாவது கிடைக்க வேண்டிய பேச்சும் கவனிப்பும் கிடைக்காமல் போவது, இன்னொன்று. இரண்டும் ஒரே வீட்டில் இருக்கலாம், ஆனால் குழந்தைக்குச் செய்வது ஒன்றல்ல. அச்சுறுத்தலில் வளரும் குழந்தை ஆபத்தை மோப்பம் பிடிக்கக் கற்றுக்கொள்கிறது. சாதாரண முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோபமுகமாக மாறும் படங்களைக் காட்டியபோது, அடிவாங்கிய குழந்தைகள் மற்றவர்களைவிட முன்னதாகவே கோபத்தைக் கண்டுகொண்டதை உளவியலாளர் சேத் பொல்லக்கின் ஆய்வுகள் காட்டின. அது ஒரு திறமைதான். அந்த வீட்டில் அது உயிர்காத்த திறமையாகக்கூட இருந்திருக்கும். அலுவலகக் கூட்டத்தில் உங்களுக்கு நடப்பதும் அநேகமாக இதுவே. கவனம் முழுக்கக் குரலின் ஏற்றத்தைக் காவல்காக்கப் போய்விடுகிறது, சொற்களைக் கேட்க ஆள் மிச்சமில்லை. இதை மந்தபுத்தி என்று நீங்களே பெயர்வைத்துக்கொள்ள வேண்டாம்.

இல்லாமை வேறு வழியில் வேலை செய்கிறது. மொழி, கேட்டதை மனதில் நிறுத்தி யோசிப்பது, திட்டமிடுவது எல்லாம் யாரோ ஒருவர் திரும்பத் திரும்பப் பதில் கொடுப்பதால் வளர்பவை. குழந்தை மழலை பேசும், எதிரே ஒருவர் பேசுவார், அது மறுபடி பேசும். எதிரே ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் ருமேனியாவில் பார்த்தது. அந்நாட்டை ஆண்ட சௌசெஸ்கு 1966-இல் கருக்கலைப்பைத் தடைசெய்தார். வளர்க்க முடியாத பிள்ளைகள் அரசு விடுதிகளில் நிறைந்தார்கள். 1989-இல் ஆட்சி கவிழ்ந்த பிறகு உள்ளே போனவர்கள் கண்டது, கூரையை வெறித்தபடி தொட்டிலில் கிடந்த குழந்தைகளை. அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்து அழுகையையே நிறுத்தியிருந்தார்கள் பலர். பின்னர் தலைநகர் புக்கரெஸ்டில், விடுதியில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. நான்கரை வயதில் குடும்பத்துக்குப் போனவர்களின் சராசரி நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 81, விடுதியிலேயே தொடர்ந்தவர்களுடையது 73. இரண்டு வயதுக்குள் போனவர்கள் அதிகம் தேறினார்கள்.

இதைப் படித்ததும் உங்களுக்கு ‘இரண்டு வயதோடு எல்லாம் முடிந்தது’ என்று தோன்றும். தோன்ற வேண்டாம் என்பதற்காகவே இன்னொன்றும் சொல்கிறேன். ருமேனிய விடுதிகளிலிருந்து பிரிட்டனுக்குத் தத்துப்போன பிள்ளைகளை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரின் குழு பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. ஆறு மாதத்துக்கு மேல் விடுதியில் கிடந்தவர்களில் பலர் ஆறு வயதிலும் பதினொன்றிலும் அறிவுத்திறனில் பின்தங்கியிருந்தார்கள். இருபதுகளில் பார்த்தபோது அந்தப் பின்னடைவு மற்றவர்களிடம் உள்ள அளவுக்குக் குறைந்திருந்தது. கவனச்சிதறலும் மனிதர்களோடு பழகுவதில் உள்ள சிக்கலும் மட்டும் பலரிடம் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தன.

அடுத்தது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பிரிட்டனில் இரட்டையராகப் பிறந்த 2,232 பேரையும் நியூசிலாந்தில் 1,037 பேரையும் குழந்தைப்பருவம் முதல் கவனித்த ஆய்வுகளை வைத்து 2017-இல் ஒரு கட்டுரை வந்தது. வன்முறைக்கு ஆளான பிள்ளைகளிடம் காணப்பட்ட அறிவுத்திறன் குறைவில் பெரும்பகுதி வன்முறைக்கு முன்பே இருந்தது அல்லது வறுமை போன்ற வேறு காரணங்களோடு சேர்ந்து வந்தது என்றது அது. ஆகவே ‘அப்பா அடிக்காமல் இருந்திருந்தால் நான் இவ்வளவு மதிப்பெண் வாங்கியிருப்பேன்’ என்ற கணக்கை யாராலும் உங்களுக்குப் போட்டுத்தர முடியாது. இதைக் கேட்டு உங்கள் அப்பா தப்பித்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஒரு குழந்தையை பெல்ட்டால் அடித்தது தவறு என்று நிறுவ, அந்தக் குழந்தையின் மூளை சுருங்கியிருக்க வேண்டிய அவசியமில்லை. நீங்கள் பெரிய அறிவாளியாக வளர்ந்திருந்தாலும் அது அதே தவறுதான்.

படித்தது மறப்பதற்கு வருவோம். மனச்சோர்வு, நாள்பட்ட பதற்றம், தூக்கமின்மை, கவனக்குறைபாடு நான்குமே இதைச் செய்யும். நான்குக்கும் சிகிச்சை உண்டு. உங்களைப் போன்ற குழந்தைப்பருவம் கொண்டவர்களிடம் முதல் இரண்டும் கூடுதலாகவே காணப்படுகின்றன. ஒரு மருத்துவ உளவியலாளரைப் பாருங்கள். எனக்கு எழுதியதை அப்படியே அவரிடம் கொடுங்கள், யாரும் யாரோடும் பேசமாட்டோம் என்ற அந்த ஒற்றை வரியை அடிக்கோடிட்டு.

மகள். எட்வர்ட் ட்ரோனிக் என்பவர் தாயையும் சேயையும் எதிரெதிரே உட்காரவைத்து நொடி நொடியாகக் கவனித்தவர். நன்றாக வளர்க்கும் தாய்மார்கள்கூட, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரமே குழந்தையோடு ஒத்த தாளத்தில் இருந்தார்கள். மிச்ச நேரமெல்லாம் தவறவிடுவதும் திரும்பிவந்து சேர்வதும்தான். நீங்கள் கத்திய பிறகு என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. அவளைத் தூக்கி, அப்பா கத்தினது தப்பு என்று சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் இன்றைக்குச் சொல்லலாம். இரண்டு வயதுக்குப் புரியாது என்று விட்டுவிடாதீர்கள். அவள் ஏதாவது பதில் சொல்வாள், அதற்கு நீங்கள் ஒரு பதில் சொல்லுங்கள்.