கேமைத் திறந்தால் கம்ப்யூட்டர் மூடிக்கொள்கிறது

இந்த முறை தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த கடிதங்களில் கேம் நடுவில் நின்றுபோகும் கதைகள்தான் அதிகம். டிசம்பர் விடுமுறை தொடங்கிவிட்டது என்று காலண்டரைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். எல்லாருமே கிராஃபிக்ஸ் கார்டைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள். கடிதங்களைப் படித்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கேள்வி: அண்ணா, கேம் அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறது. அப்புறம் திரை ஒரு நொடி கருப்பாகி, கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்து நிற்கிறது. கார்டு போய்விட்டது, புதுசு வாங்கு என்கிறான் நண்பன். வாங்கட்டுமா?
— கல்லூரி மாணவர், சாட்ஸ்வொர்த்

பதில்: பணத்தை இப்போதே எடுக்காதீர்கள் தம்பி. கம்ப்யூட்டர் அணையாமல் கேம் மட்டும் போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. கார்டுக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு விண்டோஸ் 2 நொடி காத்திருக்கும், அதற்குள் பதில் வரவில்லை என்றால் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தானே நிறுத்தி மறுபடி கிளப்பிவிடும், விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து இதுதான் வழக்கம். அந்தக் கருப்புத் திரை அதுதான். விண்டோஸ் பிழைத்துக்கொள்கிறது, பிடித்துக்கொண்டிருந்த கார்டு கையை விட்டுப் போனதால் கேம் விழுந்துவிடுகிறது. விண்டோஸ் பதிந்து வைக்கும் லாகைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போய், கேம் விழுந்த நேரத்தில் 4101 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நான் சொல்வது உங்கள் கதைதான்.

கார்டு ஏன் பதில் சொல்லவில்லை என்பதுதான் அடுத்த கேள்வி. முதலில் ஓவர்கிளாக், அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் அமைப்பு, எதுவாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள், பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) ரேமை வேகமாக்கப் போட்டிருக்கும் எக்ஸ்எம்பியையும் சேர்த்துத்தான், ஏனென்றால் ரேம் தடுமாறினாலும் பழி கார்டின் தலையில்தான் விழும். அப்புறம் டிரைவர். புதியதுதான் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். 2025 தொடக்கத்தில் ஆர்டிஎக்ஸ் 50 என்ற கார்டு வரிசை வந்த சமயத்தில் என்விடியாவின் 572 எண் டிரைவர்களால் கருப்புத் திரை வந்து, பலர் 2024 டிசம்பரில் வந்த 566.36க்கே திரும்பிப் போனார்கள். டிடியூ என்ற இலவசக் கருவியைச் சேஃப் மோடில் (விண்டோஸ் அத்தியாவசியங்களோடு மட்டும் கிளம்பும் முறை) ஓட்டிப் பழைய டிரைவரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, முன்பு ஒழுங்காக ஓடிய பதிப்பைப் போட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் இன்டர்நெட்டைக் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் முந்திக்கொண்டு தனக்குப் பிடித்ததைப் போட்டுவிடும்.

அரை மணி நேரம் கழித்து என்பதால் சூட்டையும் பார்க்கத்தான் வேண்டும். டர்பன் பக்கம் ஜனவரிப் புழுக்கத்தில் மனிதனுக்கே மூச்சு முட்டுகிறது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற வெப்பம் காட்டும் கருவியைப் பின்னால் ஓடவிட்டு விளையாடுங்கள், அதில் கார்டின் வெப்பம், ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான இடம்) என்று பெரும்பாலும் இரண்டு எண் தெரியும். ஹாட்ஸ்பாட் எண்ணைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம், 110 டிகிரி வரை போவது இயல்புதான் என்று தன் ஆர்எக்ஸ் 5700 கார்டுகளைப் பற்றி ஏஎம்டியே 2019இல் சொல்லியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். கூடினால் உள்ளே சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்துவிட்டது அல்லது ஒதுங்கிவிட்டது. கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி வைத்து ஒரு நாள் விளையாடிப் பாருங்கள், அதிலேயே குணம் தெரிந்தால் காற்றோட்டத்தைச் சரிசெய்தால் போதும்.

கேள்வி: தம்பி, என் மகன் புது கேம் ஒன்றைத் திறந்ததுமே ‘வீடியோ மெமரி தீர்ந்துவிட்டது’ என்று வந்து மூடிக்கொள்கிறது. கார்டில் 12 ஜிபி இருக்கிறதாம், போதவில்லையாம். பெரிய கார்டு வாங்கிக் கொடுத்தால்தான் சாப்பிடுவேன் என்று உட்கார்ந்திருக்கிறான்.
— ஒரு தாய், ஃபீனிக்ஸ்

பதில்: அக்கா, முதலில் அவனைச் சாப்பிடச் சொல்லுங்கள். அப்புறம் பிராசஸர் என்னவென்று கேளுங்கள். இன்டெல்லின் 13 அல்லது 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர், அதிலும் ஐ7, ஐ9 என்று சொன்னால் கார்டு நிரபராதியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அன்ரியல் என்ஜின் என்ற கேம் தயாரிப்பு மென்பொருளில் செய்த கேம்கள் திறக்கும்போது ஷேடர்களை (ஒளி, நிழல் வரையும் சிறு நிரல்கள்) விரித்துத் தயார் செய்யும், அது பிராசஸர் முழு மூச்சாகச் செய்யும் வேலை. அங்கே கணக்கு தப்பினாலும் திரையில் வருவது என்னவோ வீடியோ மெமரி இல்லை என்ற செய்திதான். இதை நம்பி நல்ல கார்டை விற்று வேறு வாங்கியவர்கள் உண்டு, பாவம்.

பிராசஸருக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் போனதுதான் காரணம் என்று இன்டெல்லே 2024இல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் 0x129 என்ற மைக்ரோகோடும் (பிராசஸருக்கான உள் திருத்தம்), அடுத்த மாதம் 0x12B என்பதும் கொடுத்தது. மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புது பயாஸைப் போட்டால் இவை கூடவே வந்துவிடும். ஒரு விஷயம், இவை இனிமேல் கெடாமல் காக்கும், கெட்டதைச் சரியாக்காது. சோதித்துப் பார்க்க வேண்டுமானால் பயாஸில் பிராசஸரின் வேகத்தை இரண்டு படி குறைத்துவிட்டுக் கேமைத் திறக்கச் சொல்லுங்கள். திறந்துவிட்டால் ஆள் பிடிபட்டான். பாதிக்கப்பட்ட வகைகளுக்கு இன்டெல் வாரண்டியை 2 வருடம் நீட்டியிருக்கிறது, ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள்.

கேள்வி: பெரிய சண்டைக் காட்சி வந்தால் கம்ப்யூட்டரே பட்டென்று அணைந்து திரும்பக் கிளம்புகிறது. லாகில் கெர்னல் பவர் 41 என்று இருக்கிறது. 41 என்றால் என்ன பழுது?
— லெனேசியா வாசகர்

பதில்: 41 என்பது ‘முறையாக மூடாமல் அணைந்துவிட்டது’ என்று மட்டும்தான் சொல்லும், அது உங்களுக்கே தெரியும். எனக்குப் பவர் சப்ளை மேல்தான் சந்தேகம். கேபினட்டைத் திறந்து, கார்டுக்குப் போகும் ஒயரைக் கையில் பிடித்துப் பாருங்கள். பவர் சப்ளையிலிருந்து ஒரே ஒயர் வந்து, முனையில் வால் மாதிரி இரண்டாவது 8 பின் பிளக் தொங்கி, இரண்டையும் கார்டில் சொருகியிருக்கிறதா? கடைகளில் அவசரத்துக்கு இப்படித்தான் மாட்டி அனுப்புகிறார்கள். ஒரு 8 பின்னுக்கு 150 வாட், மதர்போர்டு ஸ்லாட் வழியாக 75 வாட் என்பதுதான் கணக்கு. பெரிய கார்டுகள் கண் இமைக்கும் நேரத்துக்கு அதற்கும் மேலே எம்பும். அதனால் இரண்டு தனித்தனி ஒயர் போடுங்கள், அந்தப் பவர் சப்ளையோடு வந்த ஒயராகவே இருக்கட்டும், வேறு கம்பெனி ஒயர் சொருகப் பொருந்தினாலும் உள்ளே பின்கள் மாறியிருந்தால் எல்லாம் புகைந்துவிடும். பிறகு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கருவியில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி விளையாடுங்கள், அணைவது நின்றால் கரண்ட் பக்கம்தான் கோளாறு.

லெனேசியா என்பதால் இன்னொன்று. ஜோஹானஸ்பர்க் பக்கத்துக் கோடை இடி எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வானம் கறுத்தால் பிளக்கையும் இன்டர்நெட் ஒயரையும் பிடுங்கிவிடுங்கள். கரண்ட் போனாலும் அப்படியே செய்யுங்கள், லோட் ஷெட்டிங் (முறை வைத்துக் கரண்டை நிறுத்தும்) காலத்தில் பலரின் பொருள்கள் கெட்டது கரண்ட் போனதால் அல்ல, திரும்பி வந்த வேகத்தால். இன்வெர்ட்டரில் வைத்து விளையாடுவதாக இருந்தால் ப்யூர் சைன் வேவ் (வீட்டுக் கரண்ட் போலச் சீரான அலை தரும்) வகைதானா என்று பாருங்கள். மலிவு இன்வெர்ட்டர்களில் மாட்டினால் சில பவர் சப்ளைகள் முறுக்கிக்கொண்டு அணையும்.

கேள்வி: விளம்பரம் பார்த்து ஒருவரிடம் பழைய ஆர்டிஎக்ஸ் 3080 வாங்கப் போகிறேன். டிஜிட்டல் காசு எடுக்க மைனிங் செய்த கார்டாக இருந்தால் வாங்கலாமா?
— மெர்பேங்க் வாசகர்

பதில்: 2022 செப்டம்பரில் எதிரியம் என்ற டிஜிட்டல் காசின் மைனிங் நின்ற பிறகு அப்படிப்பட்ட கார்டுகள் சந்தைக்கு நிறைய வந்துவிட்டன. மைனிங் செய்ததாலேயே கெட்டது என்று இல்லை, ஆனால் ஃபேனும் மெமரி மேல் சூட்டைக் கடத்த ஒட்டிய பேடும் உழைத்து ஓய்ந்திருக்கும். உங்கள் ஊரில் நான் அதைவிடக் கடல் காற்றுக்குத்தான் பயப்படுவேன். கார்டைத் திருப்பி, அலுமினியத் தகடுகளின் இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள், வெள்ளையாகப் பூத்திருந்தாலோ ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தாலோ வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். விற்பவர் வீட்டிலேயே அரை மணி நேரம் கேம் ஓட்டச் சொல்லுங்கள், திரையில் கலர் கலராகக் கட்டம் தெரிந்தால் மெமரி போய்விட்டது.

கடையில் வாங்கினால் தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவு துணைக்கு வரும், பழுதான பொருளை 6 மாதத்துக்குள் கொண்டுபோனால் ரிப்பேரா, மாற்றுப் பொருளா, பணமா என்பது வாங்கியவர் விருப்பம். தனி ஆளிடம் வாங்கினால் அது கிடையாது. கடையில் வாங்கியதையும் 6 மாதத்துக்குள் நீங்களே பிரித்துப் பேஸ்ட் மாற்றினால் கடைக்காரர் அதையே சாக்காகச் சொல்வார்.

கேள்வி: ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் இடம்) டிடிஆர் டிலேவை, அதாவது கார்டின் பதிலுக்கு விண்டோஸ் காத்திருக்கும் நேரத்தை, 2 நொடியிலிருந்து 10 ஆக்கினால் க்ராஷ் நிற்கும் என்கிறார்களே?
— பிரிட்டோரியா வாசகர்

பதில்: பெரிய ரெண்டரிங் (கம்ப்யூட்டரில் படம், வீடியோ உருவாக்கும்) வேலை செய்பவர்களுக்கு உதவும். கேமில் 2 நொடியில் விழுவது 10 நொடி உறைந்து நின்றுவிட்டு விழும், அவ்வளவுதான்.