வீட்டுக் கயாக்குக்குப் பைபர் துணி, எபாக்சி: கேட்டதும் சொன்னதும்

பிளைவுட்டுல சொந்தமா கயாக் (துடுப்புப் போடற ஒடுக்கமான சின்னப் படகு) செய்யறவங்க கேட்ட கேள்விகளுங்க இது. மரத்து மேல பைபர் (கண்ணாடி இழை) துணியை விரிச்சு, எபாக்சிங்கற ரெசினை ஹார்டனரோட (இறுக வைக்கற திரவம்) கலக்கித் தடவி ஒட்டறதுதான் வேலை. நான் பவானிக்காரன். மூணு படகு செஞ்சு, அதுல ஒன்னைக் கெடுத்தவன்.

ஈரோடு: ஏனுங்க, காலைல 9 மணிக்கு எபாக்சி தடவினேன். மத்தியானம் பார்த்தா அம்மை போட்ட மாதிரி கொப்புளம். சரக்கு மோசமுங்களா?

சரக்கு மேல பழி போடாதீங்க. மரத்துக்குள்ள காத்து இருக்குது. வெயில் ஏற ஏற அது விரிஞ்சு, காயாத எபாக்சியை முட்டிக்கிட்டு வெளிய வருது. நான் கெடுத்த படகும் இப்படித்தான் போச்சு. சித்திரை, வைகாசியில காலைல டப்பாவைத் திறக்கவே வேண்டாமுங்க. சாயங்காலம் 4 மணிக்கு மேல, பட்டறைச் சூடு இறங்கறப்பத் தடவுங்க. மரம் குளிர்றப்ப உள்ள இருக்கற காத்து சுருங்கி, எபாக்சியையும் உள்ள இழுத்துக்கும். வந்த கொப்புளத்தைப் பிளேடால வெட்டி, தேய்ச்சு, மேல ஒரு துண்டுத் துணி ஒட்டிருங்க.

கரூர்: கலக்கி வச்ச டப்பா புகைஞ்சு உருகிருச்சுங்க!

எபாக்சி இறுகறப்பவே சூடாகும். குவிஞ்சு கிடந்தா அந்தச் சூடு போக வழியில்லை. ஒரு தடவைக்கு 200 கிராம் போதும், கலக்கினதும் அகலத் தட்டுல ஊத்திருங்க. நம்ம வெயிலுக்கு மெதுவா இறுக வைக்கற ஸ்லோ ஹார்டனர்தான் சரி. சீக்கிரம் காயட்டும்னு ஹார்டனரைக் கூட்டாதீங்க, கடைசி வரைக்கும் பிசுபிசுன்னே நிக்கும். டப்பாவுல போட்ட விகிதம் எடைக்கா, கன அளவுக்கான்னும் பாருங்க. ரெண்டும் ஒன்னில்லை.

கோயம்புத்தூர்: தண்ணித்தொட்டிக்குப் போடற பைபர் மேட்டு விலை கம்மி. போடலாங்களா?

வேண்டாமுங்க. அந்த மேட்டுல இழையைப் பிடிச்சிருக்கற பசை பெரும்பாலும் பாலியஸ்டர் ரெசினுலதான் கரையும். எபாக்சியில கரையாம வெறைப்பா நிக்கும். நெய்த துணி, 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) வாங்குங்க. நனைஞ்சா கண்ணாடியாட்டம் மரத்தோட ரேகை தெரியும். பவானியில ஜமக்காளம் நெய்யறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம்: பாவு, ஊடை ரெண்டுக்கும் குறுக்கால, சாய்வா இழுத்தா எந்தத் துணியும் வளைஞ்சு குடுக்கும். மூக்குப் பக்கம் சுருக்கம் விழுந்தா அப்படி இழுங்க. அப்புறம் பழைய ஏடிஎம் கார்டால வழிச்சு விடுங்க. பளபளன்னு இருந்தா எபாக்சி அதிகம், துணி மிதக்குதுன்னு அர்த்தம். நெசவு தெரியணும், மங்கலா இருக்கணும்.

கோபி: மறுநாள் தொட்டா எண்ணெய் தடவின மாதிரி வழவழங்குது.

ஹார்டனர்ல இருக்கற அமீன்ங்கற ரசாயனம், காத்துல இருக்கற ஈரத்தோடயும் கரியமில வாயுவோடயும் சேர்ந்து வர்ற படலம் அது. முதல்ல தண்ணி விட்டு ஸ்கிரப்பரால கழுவுங்க, அப்புறம்தான் உப்புத்தாள். மாத்திச் செஞ்சா அழுக்கை உள்ள தேய்ச்ச கதைதான்.

பொள்ளாச்சி: மேல வார்னிஷ் வேணுங்களா?

கட்டாயம். எபாக்சிக்கு வெயில் ஆகாது. யூவி தாங்கற வார்னிஷ், இல்லாட்டி பெயின்ட்.

திருப்பூர்: கையுறை இல்லாமச் செய்யலாங்களா?

கூடாதுங்க. ஒரு தடவை தோலுக்கு ஒவ்வாமை வந்தா, அப்புறம் டப்பாவைத் திறந்தாலே அரிக்கும். தேய்க்கறப்ப முகமூடியும் போடுங்க.