7-ஆம் மாசத்துல சுகர்னு சொல்லிட்டாங்க

கேள்வி: 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு 2 மணி நேரம் கழிச்சுப் பாத்தா 152 டாக்டர். பயந்துபோய் சோத்தையே நிறுத்திட்டேன், சரியா?
- வாசகி, தேனி

பதில்: வேண்டாம்மா, பட்டினி மட்டும் கிடக்காதீங்க. 140 வந்தாலே கர்ப்பகால சுகர்னு எடுத்துக்குவோம், இது உங்க தப்பே இல்ல, நஞ்சுக்கொடில சுரக்கிற ஹார்மோன் இன்சுலினை ஒழுங்கா வேலை செய்ய விடாது, அதான். சோறு அளவா வச்சுக்கிட்டு கூட சுண்டல், முட்டை, கீரைன்னு நிறைய சேத்துக்கோங்க, கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு சாப்பிடுங்க, சாப்ட்டதும் 15 நிமிஷம் நடங்க. 'ரெண்டு உசுரு'ன்னு வீட்ல ஜூஸா ஊத்துவாங்க, அது வேண்டவே வேண்டாம். வெறும் வயித்துல 95க்குள்ள, சாப்ட்டு 2 மணி நேரத்துல 120க்குள்ள இருக்கணும். 2 வாரத்துல இறங்கலன்னா இன்சுலின் போடச் சொல்லுவாங்க, தைரியமா போட்டுக்கோங்க, குழந்தைக்கு ஆபத்தில்ல. பிரசவமாகி 6 வாரத்துல இதே டெஸ்ட்டை மறுபடி எடுத்துடுங்கம்மா, நிறைய பேர் இதைத்தான் விட்டுடறாங்க.