சிபேப் மாஸ்க் பட்டையும் தலைமுடியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எட்டு மாதங்களாக சிபேப் (தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் இருக்க மாஸ்க் வழியே காற்றைச் செலுத்தும் கருவி) பயன்படுத்துகிறேன். பின்னந்தலையில் பட்டை பதியும் இடத்தில் மட்டும் முடி குட்டையாகச் சிலும்பி நிற்கிறது. இது முடி உதிர்வா?

பதில்: காலையில் பட்டையின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் முடிகளை எடுத்து, அவற்றின் நிறத்திற்கு எதிரான நிறமுள்ள தாளில் வைத்துப் பாருங்கள். வேரோடு உதிர்ந்த முடியாக இருந்தால் அதன் ஒரு முனையில் மிகச் சிறிய வெண்குமிழ் தென்படும். இடையில் முறிந்த முடியில் குமிழ் இராது, முறிந்த முனை சிம்பு சிம்பாகப் பிரிந்திருக்கும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பே என்பதால், குமிழுள்ள சில முடிகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் உராய்வினால் ஏற்படும் முறிவு. முடி மாதத்திற்குச் சுமார் 1 செ.மீ. வளரும்; உராய்வைக் குறைத்துவிட்டால் மூன்று மாதங்களில் வித்தியாசம் தெரியும்.

ஆனால் நெற்றியோரத்திலோ காதுக்கு மேலோ தோல் வெளித்தெரியும் அளவுக்கு முடி குறைந்தாலும், அந்த இடத்தில் வலியோ சிறு கொப்புளங்களோ தோன்றினாலும், அது இடைவிடாத இழுவிசையால் வரும் வழுக்கையாக இருக்கலாம். தொடக்கத்தில் கவனித்தால் முடி மீண்டும் வளரும். ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் முடிக்குழிகள் தழும்பாகி, இழந்தது இழந்ததாகவே நின்றுவிடும். ஆகவே தோல் மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: பட்டையைத் தளர்த்தினால் காற்று கசிகிறது, இறுக்கினால் முடி போகிறது. என்னதான் செய்வது?

பதில்: முடிச்சேதம் என்று வரும் கேள்விகளில் பெரும்பாலானவை கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து நிற்கின்றன. மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு, உள்ளிருந்து வரும் காற்றால் சற்றே உப்பி, முகத்தோடு படிந்து அடைத்துக்கொள்ளும் வகையில் செய்யப்பட்டது. பட்டையை மிகவும் இறுக்கினால் அந்த விளிம்பு நசுங்கி மடிந்து, கசிவு குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடும். பலர் உட்கார்ந்த நிலையில், கருவியை இயக்காமலேயே அளவு பார்த்து இறுக்குகிறார்கள். படுத்தவுடன் கன்னச் சதை இடம் மாறுவதால் அந்த அளவு பொருந்தாமல் போகிறது. பட்டைகளை முழுவதும் தளர்த்திவிட்டு, நீங்கள் வழக்கமாகத் தூங்கும் வாக்கில் படுத்துக் கருவியை இயக்குங்கள். மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு கணம் லேசாக முன்னே இழுத்து விட்டால் விளிம்பு காற்றால் நிரம்பித் தானாக அமரும். அதன் பிறகு இரு பக்கமும் சம அளவில், கசிவு நிற்கும் வரை மட்டும் சிறுகச் சிறுக இறுக்குங்கள். பட்டைக்கும் தலைக்கும் இடையே ஒரு விரல் எளிதாக நுழைய வேண்டும். எழுந்து வெகுநேரம் ஆகியும் கன்னத்தில் தடம் மறையவில்லை என்றால் இறுக்கம் அதிகம் என்று பொருள்.

அப்படியும் கசிந்தால் குற்றவாளி பழைய விளிம்பாகவோ நெகிழ்ந்துபோன பட்டையாகவோ இருக்கலாம். அவற்றை மாற்ற வேண்டிய நேரத்தில் நாம் இன்னும் கொஞ்சம் இறுக்குகிறோம். அந்தச் சுமையைத் தலைமுடி தாங்குகிறது. வெல்க்ரோ முனைகளையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். ஒரு மூலை பிரிந்து நின்றால் போதும், திரும்பிப் படுக்கும் ஒவ்வொரு முறையும் நாயுருவி போல முடியைப் பற்றி இழுக்கும். (வெல்க்ரோவே, நாயின் உரோமத்தில் ஒட்டிய முட்காய்களைப் பார்த்து சுவிஸ் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் உருவாக்கியதுதான்.)

கேள்வி: பட்டுத் தொப்பி அணிந்தால் பயன் உண்டா? பட்டைக்கு உள்ளேயா, மேலேயா?

பதில்: உள்ளே. பட்டைக்கு மேல் அணிந்தால் தலையணையின் உராய்வு குறையும், பட்டையின் உராய்வு அப்படியே இருக்கும். பட்டுதான் வேண்டும் என்பதில்லை. வழுவழுப்பான சாட்டின் துணியும் போதும். வழுக்கும் துணியின் மேல் பட்டை நழுவக்கூடும் என்பதால், தொப்பி தலையோடு படிந்திருக்க வேண்டும். அதை அணிந்த பின் மாஸ்க்கின் அளவைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். அதன் ஓரம் சிலிக்கான் விளிம்புக்கு அடியில் போகவே கூடாது.

கேள்வி: இரவில் தலைக்குக் குளித்து எண்ணெய் தடவும் வழக்கம் உண்டு. தொடரலாமா?

பதில்: ஈரமுடி எளிதில் நீண்டு அறுந்துவிடும். முழுவதும் உலராமல் பட்டையை மாட்டாதீர்கள். எண்ணெயை முடியின் நுனிப்பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நெற்றிக்கு வழிந்தால் மாஸ்க் வழுக்கும், நீங்கள் மறுபடி இறுக்குவீர்கள். பட்டையை வாரம் ஒருமுறை மென்மையான சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள்.

கேள்வி: நீண்ட முடியை எப்படிக் கட்டுவது?

பதில்: தளர்வாகப் பின்னி, மென்மையான துணி வளையத்தால் கட்டுங்கள். கொண்டையோ முடிச்சோ பட்டைக்கு அடியில் வரக்கூடாது.

கேள்வி: முடி தேறும் வரை சில வாரங்கள் சிபேப் இல்லாமல் இருக்கலாமா?

பதில்: கூடாது. தூக்கத்தில் மூச்சு தடைபட்டு இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை முடிக்காக அனுமதிக்க முடியாது. 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் இந்தச் சிகிச்சையை வெளியிட்ட தொடக்க காலத்தில் மாஸ்க்கை ஒவ்வோர் இரவும் பசையால் முகத்தில் ஒட்டினார்கள். இன்று தேர்வுகள் பல. மூக்குத் துளையில் மட்டும் பொருந்தும் சிறிய வகையில் பட்டைகள் குறைவு; வாயால் மூச்சுவிடாதவர்களுக்கு அது ஏற்றதா என்று உங்கள் தூக்க மருத்துவரிடம் கேளுங்கள். காந்தக் கொக்கியுள்ள மாஸ்க்கைத் தலைவழியே உருவாமல் கழற்றலாம் என்பதால் முடி இழுபடாது. ஆயினும் உங்களுக்கோ அருகில் படுப்பவருக்கோ பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலுக்குள் பொருத்தப்பட்டிருந்தால், காந்தம் இல்லாத கொக்கியையே கேட்டு வாங்குங்கள்.