வட்டியே இல்லாத மூன்றாவது சான்றிதழ்

கேள்வி: எனக்கு வயது 33. தனியார் காப்பீட்டு நிறுவனத்தில் கிளெய்ம் பிரிவில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 38,000 ரூபாய். இந்த வருஷமும் புரமோஷன் லிஸ்ட்டில் என் பெயர் இல்லை. ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் 9 மாத ஆன்லைன் குற்றவியல் நீதிச் சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்து, மோசடி விசாரணைப் பிரிவுக்கு மாறலாம் என்று நினைக்கிறேன். சட்டம், உளவியல், சமூகவியல், தடயவியல் எல்லாம் அதில் உண்டு. மொத்தமாகக் கட்டினால் 1,60,000. ‘வட்டியில்லாத் தவணை’ என்றால் 18 மாதத்துக்கு 1,85,000. விண்ணப்பத்துக்கு 5,000 கட்டிவிட்டேன். சைபர் செக்யூரிட்டி (மாதம் 4,900), டேட்டா அனலிட்டிக்ஸ் (மாதம் 6,200) படிப்புகளின் தவணை இன்னும் 11 மாதம் இருக்கிறது. இரண்டாவதை நாலாவது பாடத்தோடு நிறுத்திவிட்டேன். வாடகை 9,500, அம்மாவுக்கு 5,000. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். சேரலாமா?

– மதுரை வாசகி

பதில்: வேண்டாம். படிப்பு மோசம் என்று சொல்லவில்லை. வழக்கறிஞர், சிறைத்துறையில் இருப்பவர், சமூகப் பணியாளர், கிரைம் செய்தி எழுதுபவர் போன்றவர்களுக்கு இப்படிப் பல துறையையும் தொட்டுப் போகிற பாடம் உதவும். கிளெய்ம் கோப்புகளைப் பார்க்கும் உங்களுக்கும் கொஞ்சம் உதவலாம். எனக்கு உறுத்துவது வேறு. நீங்கள் இணைத்திருந்த கடன் தாள்களில் தொடங்கிய தேதியைப் பார்த்தேன். முதலாவது மே மாதம், இரண்டாவது அடுத்த மே மாதம். இதோ மூன்றாவது மே. புரமோஷன் லிஸ்ட் வருகிறது, பெயர் இல்லை, அடுத்த வாரமே ஒரு படிப்பைத் தவணையில் வாங்கிவிடுகிறீர்கள்.

36 தவணை, 24 தவணை என்று முதல் இரண்டுக்கும் சேர்த்துப் பெருக்கினால் 3,25,200 ரூபாய். இதனால் சம்பளம் ஒரு ரூபாய் கூடியதாக உங்கள் கடிதத்தில் இல்லை. மூன்றாவதும் சேர்ந்தால் ஐந்து லட்சத்தைத் தாண்டும்.

அடுத்து அந்த ‘வட்டியில்லா’ சமாசாரம். மொத்தமாகக் கட்டினால் 1,60,000 என்று அவர்களே சொல்கிறார்கள். அப்படியென்றால் அதுதான் விலை. மிச்சம் 25,000 வட்டி. நீங்கள் அனுப்பிய தாளின் இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் 3% பிராசசிங் கட்டணமும் இருக்கிறது. அது 5,550, அதற்கு ஜி.எஸ்.டி. 999. ஆக கூடுதலாகப் போவது 31,549. தவணை மாதம் சுமார் 10,278. போட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு 24 சதவீதத்துக்கு மேல் வருகிறது. நகைக் கடனே இதைவிட மலிவு! வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013இலேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. இன்னொரு வேடிக்கை: கல்விக் கடனுக்கு வருமான வரியில் கிடைக்கும் கழிவு வட்டிக்கு மட்டும்தான், அதுவும் பழைய வரி முறையில்தான். வட்டியே இல்லை என்று எழுதிக்கொடுத்த கடனில் எதைக் கழிப்பீர்கள்?

சரி, மாதக் கணக்கு. மூன்று தவணையும் சேர்ந்தால் 21,378. சம்பளத்தில் பாதிக்கும் மேல். வாடகையும் அம்மாவுக்கு அனுப்புவதும் 14,500. கையில் நிற்பது 2,122 ரூபாய். சாப்பாடு, கரன்ட் பில், பெட்ரோல், போன் ரீசார்ஜ் எல்லாம் அதற்குள். இரண்டாவது வாரமே கிரெடிட் கார்டைத் தேய்ப்பீர்கள்.

புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன, தடயவியலுக்கு ஆள் தேவை என்று அந்தக் ‘கவுன்சலர்’ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாதி உண்மை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த, குற்ற வழக்குகளை நடத்தும் முறையைச் சொல்லும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 176ஆவது பிரிவு, ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது. ஆனால் அப்படிப் போகிறவர் அறிவியல் படித்து ஆய்வகத்தில் பழகியவர். 9 மாத ஆன்லைன் சான்றிதழை வைத்துக்கொண்டு யாரும் சம்பவ இடத்தில் போலீஸ் கட்டும் நாடாவைத் தாண்டி உள்ளே போக முடியாது.

பாடம்தான் வேண்டும் என்றால் மலிவான வழி இருக்கிறது. இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) குற்றவியல் நீதியில் முதுநிலை டிப்ளமோவே நடத்துகிறது. மத்திய அரசின் ஸ்வயம் இணையக் கல்வித் தளத்தில் சட்டம், குற்றவியல் சார்ந்த பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் தேர்வுக் கட்டணம். அங்கே ஒரு பாடத்தைக் கடைசிவரை முடியுங்கள். நாலாவது பாடத்தோடு நிறுத்துகிற பழக்கம் எனக்கும் உண்டு, அதனால்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, இதைக் கேட்கத்தான் உங்களுக்குக் கூச்சம் என்று நினைக்கிறேன். விசாரணைப் பிரிவின் மேலாளரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, “உங்கள் டீமுக்கு வர என்ன வேண்டும்?” என்று நேராகக் கேளுங்கள். கள விசாரணை அனுபவம் என்பார், அல்லது இரண்டு வருஷம் வேறு பிரிவு என்பார். சான்றிதழ் என்றே சொன்னால், கட்டணத்தில் பாதியை நிறுவனம் தருமா என்று அடுத்த கேள்வி. இரண்டு படிப்பு வாங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அம்மா இது.

பழைய தவணைகள் முடிந்த மறுமாதமே அந்த 11,100 ரூபாயை மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பில் (ஆர்.டி.) திருப்பிவிடுங்கள். இன்றிலிருந்து 18ஆவது மாதம், அதாவது இந்தப் புதுக் கடன் முடிந்திருக்க வேண்டிய நாளில், கையில் 77,700 இருக்கும், வட்டி தனி.

கட்டிய 5,000ஐத் திருப்பிக் கேட்டு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள், அதற்காக 1,85,000ஐயும் சேர்த்து இழக்க வேண்டாம். ஒருவேளை இதைப் படிப்பதற்குள் கடனுக்குச் சம்மதித்து ஓ.டி.பி. சொல்லிவிட்டீர்கள் என்றால், டிஜிட்டல் கடன்களில் அபராதமில்லாமல் வெளியேற ஒரு சிறு அவகாசம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எத்தனை நாள் என்பது கடனின் முக்கிய விவரத் தாளில் இருக்கும். போனில் பேசாமல் எழுத்தில் கேளுங்கள்.